தீவுக்கு என்ன எடுத்துப் போகலாம்?

(முன்னாள் மாணவர் கூடுகையின் பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்தபோது, "அமெரிக்காவில் முன்னேறுவது எப்படி என்று பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்றார். அது எனக்குத் தெரியாது, டெட்ராய்ட் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன். வேண்டுமானால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு தீவில் நடந்த கதையைச் சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி சார், பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம், டீ ஆறிவிடும்" என்றார். முயற்சி செய்கிறேன்.

இந்தக் கதையில் இன்னொரு ஆள் உண்டு. ஹாஸ்டலில் நான்கு வருஷம் என் அறைத்தோழன். உலோகவியல் வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்ச். இந்த அரங்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறான். பெயரைச் சொல்லக்கூடாது என்று காலையில் இட்லி சாப்பிடும்போதே சத்தியம் வாங்கிக்கொண்டான். அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன். எங்கள் செட்டுக்கு யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும்.

2019 ஆகஸ்டில் அவன் தன் மகளைப் பார்க்க மிச்சிகன் வந்திருந்தான். நான் இரண்டு வருஷமாகத் திட்டம் போட்டு வைத்திருந்த பயணம் அது. இடத்தின் பெயர் ஐல் ராயல். சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடாதீர்கள். சுப்பீரியரின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கரையில் நின்றால் மறுகரை தெரியாது. கடல் மாதிரி அலை அடிக்கும், ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஆகஸ்டில்கூடக் காலை நனைத்தால் எலும்பு வரை குளிர் ஏறும்.

தீவு சுமார் 72 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டர். 1940 முதல் தேசியப் பூங்கா. 1976இல் அதன் நிலத்தில் ஏறக்குறைய முழுவதையும் மனிதக் கை படாத காடாகவே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கார் கிடையாது, ரோடு கிடையாது. சைக்கிள்கூடக் கூடாது. கிழக்குக் கோடியில் ராக் ஹார்பர், மேற்குக் கோடியில் விண்டிகோ. இரண்டு இடத்திலும் ஒரு சின்னக் கடையும் வனக்காவலர் நிலையமும் உண்டு. நடுவில் ஒன்றுமில்லை. முதுகெலும்பு மாதிரி ஒரு மலைத்தொடர் தீவின் குறுக்கே ஓடுகிறது. அதன் மேல் 65 கிலோமீட்டர் அளவில் ஒற்றையடிப் பாதை. கிரீன்ஸ்டோன் பாதை என்று பெயர். கிழக்கிலிருந்து மேற்கு வரை அதில் நடந்து முடிப்பதுதான் என் திட்டம். செல்போன் வேலை செய்யாது. நவம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை தீவையே மூடிவிடுவார்கள்.

அவனிடம் சொன்னதும், "வெள்ளியங்கிரி ஏழு மலை செருப்பில்லாமல் ஏறினவன்டா நான், வரேன்" என்றான்.

இனி மூட்டை விஷயம். முதுகுப் பை நம் உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள், மிஞ்சிப் போனால் நாலில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கூடாரம், தூங்கும் பை, சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, ஐந்து நாள் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் நிறுத்தி, கிராம் கணக்கு எழுதி வைத்திருந்தேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினேன். சிரிக்காதீர்கள், அதைச் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

டெட்ராய்டிலிருந்து பத்து மணி நேரம் கார் ஓட்டி ஹோட்டன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்துதான் மறுநாள் காலை கப்பல். இரவு ஓட்டல் அறையில் அவன் பையைத் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. பெட்டி நிறுக்கும் கைத்தராசில் மாட்டினால் 24 கிலோ! திறந்து பார்த்தால் எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று, மூன்றடுக்கு. ஒரு பவானி ஜமக்காளம். வெந்நீர் பிளாஸ்க். முறுக்கு டின். இரண்டு வேட்டி. ஒரு டார்ச் லைட், நாலு கட்டை பாட்டரி போடுவது. "வீட்டுல கட்டிக் கொடுத்தாங்கடா" என்றான்.

அவன் குளிக்கப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து பையைக் காலி செய்தேன். வேண்டாததை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நேராகக் கார் டிக்கியில் கொண்டு போய் வைத்துப் பூட்டினேன். அதில் ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்று. திறந்தேன், மேலே ஷேவிங் பிரஷ், ரேசர், கிரீம். காட்டில் யாருக்கடா ஷேவிங் என்று அதையும் சேர்த்தே போட்டேன். குளித்துவிட்டு வந்தவன் இளைத்துப்போன பையைப் பார்த்துச் சிரித்தான். மெஸ் கமிட்டிக் காலத்திலிருந்தே நான் சொல்வதற்குத் தலையாட்டுகிற பழக்கம் அவனுக்கு உண்டு. நானும் அதற்குப் பழகியிருந்தேன்.

ஹோட்டனிலிருந்து தீவுக்கு ஆறு மணி நேரம். ரேஞ்சர் 3 என்ற கப்பல், பூங்கா இலாகாவே ஓட்டுவது. கப்பலிலேயே ஒரு வனக்காவலர் அம்மா வகுப்பு எடுத்தார். எந்த இரவு எங்கே தங்குவோம் என்று எழுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். குப்பை ஒன்றுவிடாமல் திருப்பி எடுத்து வர வேண்டும், ஆரஞ்சுத் தோல் உட்பட. தண்ணீரை வடிகட்டு, இல்லையென்றால் கொதிக்க வை, மாத்திரை மட்டும் போட்டுக் குடிக்காதே என்றார். ஓநாயின் வயிற்றில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை அங்கே தண்ணீரில் இருக்கலாம், குளோரின் அதை ஒன்றும் செய்யாதாம். நரிகள் செருப்பைத் திருடும், வெளியே விடாதீர்கள் என்றார். இது விளையாட்டில்லை, ஒற்றைக் காலணியோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு.

அப்புறம் நாய். தீவுக்குள் நாயைக் கொண்டு வரவே கூடாது, படகுக்குள்ளேயே வைத்திருந்தாலும் குற்றம். காரணத்தைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தத் தீவில் மூஸ் என்ற பெரிய மான் இனம் உண்டு, குதிரை உயரம் இருக்கும், நானூறு கிலோவைக்கூடத் தொடும். அதைத் தின்று வாழ ஓநாய்கள். 1940களின் கடைசியில் உறைந்த ஏரியின் மேல் கனடாவிலிருந்து நடந்தே வந்தவை. இந்த இரண்டையும் 1958 முதல் விடாமல் எண்ணி ஆராய்ந்து வருகிறார்கள். 1980இல் 50 ஓநாய்கள். 1982இல் 14. யாரோ ஒருவர் ஆசையாகக் கூட்டி வந்த நாயிடமிருந்து பார்வோ வைரஸ் தொற்றியதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டம் முழுதாகத் தேறவேயில்லை. ஏரி உறைவதும் குறைந்தது, புதிய ஓநாய் வர வழியில்லை, உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம். 2018இல் மிஞ்சியது இரண்டே இரண்டு. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக வெளியிலிருந்து 19 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் போன ஆண்டு மூஸ் இரண்டாயிரத்துக்கும் மேல்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா ஒவ்வொரு குழுவிடமும் வந்து, தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறீர்களா, கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருவருக்கும் சேர்த்து நானே "இருக்கிறது" என்றேன். அவன் அப்போது வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முதல் இரவு ராக் ஹார்பர். மறுநாள் கரையோரமாகவே டெய்சி ஃபார்ம் வரை 11 கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் தேவதாரு வாசனை, மறுபக்கம் அலை. பாதையெங்கும் பாறையும் வேரும், தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தால் கால் இடறும். ஓரங்களில் திம்பிள்பெர்ரி பழுத்திருந்தது. நம் ஊர் முசுக்கொட்டைப் பழத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும், புளிப்பும் இனிப்பும். டெய்சி ஃபார்மில் மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் கொசுவலை அடித்த சின்னக் கொட்டகைகள் இருக்கின்றன, முந்தினவருக்கு ஒன்று. ரவையை வறுத்தே கொண்டு போயிருந்தேன். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் மூன்று நிமிஷத்தில் உப்புமா. ஹாஸ்டலில் உப்புமா என்றால் தட்டைத் தூக்கி எறிந்த நாங்கள், அன்று பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் ஏற்றம். அவன் பின்தங்கினான். ஒஜிப்வே மலை உச்சியில் ஒரு பழைய கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. நான் படியேறிப் பார்த்தேன். வடக்கே கனடாவின் மலைகள் நீலமாக, கீழே காட்டுக்குள் உள்ளங்கை உள்ளங்கையாக ஏரிகள். "ஏறி வாடா" என்று கத்தினேன். "நீ பார்த்துட்டு வா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றான். இறங்கி வந்து, இப்படி மெதுவாக நடந்தால் விண்டிகோ போய்ச் சேர ஒரு மாதம் ஆகும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான், பதில் சொல்லவில்லை.

அன்று இரவு தங்கிய இடத்தின் பெயர் ஈஸ்ட் சிக்கன்போன், கோழி எலும்பு! ஏரியின் வடிவம் அப்படியாம். சைவம் சாப்பிடுகிறவனை இங்கேயா கூட்டி வந்தாய் என்று அவன் கேட்பான் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. சாப்பாடும் வேண்டாம் என்றான். தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றான்.

"பிரஷர் மாத்திரையைப் போட்டியா?"

"மாத்திரை ஹோட்டன்ல இருக்குடா."

"ஹோட்டன்ல எங்கே?"

"உன் கார் டிக்கியில. ஷேவிங் பைக்கு அடியில."

மூன்று நாள்! முதல் நாள் இரவே ராக் ஹார்பரில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். காவலர் நிலையம் ஐந்து நிமிஷ நடை. சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று நான் கத்தினேன். அவன் கத்தவில்லை.

"ரெண்டு வருஷமா பிளான் போட்டேன்னு சொன்னே. நாலு நாள் தாங்கிடும்னு நினைச்சேன். அதுவும் போக, பையில கை வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

ஹாஸ்டல் நாட்களையும் சேர்த்து அவன் என்னிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அது சாதாரண மாத்திரை இல்லை. திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும், ஒருநாளும் விடக்கூடாது என்று அவனுடைய டாக்டர் சொல்லியிருந்தாராம். கூடாரத்துக்குள் விளக்கை வைத்துக்கொண்டு வரைபடத்தை விரித்தேன். மேற்கே விண்டிகோ மூன்று நாள். கிழக்கே வந்த வழி இரண்டு நாள். வடக்கே மூன்று கிலோமீட்டர் சொச்சம் இறங்கினால் மெக்கார்கோ கோவ் என்ற நீண்ட குடா, அங்கே ஒரு படகுத்துறை உண்டு. தீவைச் சுற்றி வரும் வாயேஜர் 2 என்ற படகு சில நாட்களில் அங்கே நிற்கும். எந்த நாளில் என்பதை அட்டவணையில் எழுதி வைத்திருந்தேன். எனக்கும் ஒரு புத்தி இருந்தது பாருங்கள். மறுநாளைக்கு மறுநாள்.

காலையில் என் பையை முதுகிலும் அவன் பையை நெஞ்சிலும் மாட்டிக்கொண்டேன். கிராம் கிராமாகக் குறைத்த மூட்டை இப்போது ஒரே ஆள் மேல் முப்பது கிலோவுக்கு வந்து நின்றது. கால் வைக்கும் இடம் தெரியாது. அவன் பின்னாலிருந்து "இடது பக்கம் வேர், வலது பக்கம் கல்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டரை மணி நேரம் ஆனது.

துறையில் ஒரு மோட்டார் படகு கட்டியிருந்தது. மினசோட்டாவிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கேள்வி எதுவும் கேட்காமல் படகுக்குள் போய் ரேடியோவை எடுத்தார். காவலர்கள் பேசினார்கள். அசையாமல் படுக்க வை, உப்பு வேண்டாம், தண்ணீர் கொடு, நாளைப் படகில் ஏற்று. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிஷமே கூப்பிடு, எங்கள் படகு வரும், ஆனால் ஏரியில் காற்று எழுந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. தீவில் டாக்டர் கிடையாது.

மத்தியானம் அவன் என்னை விரட்டினான். "எதிர்ல உட்கார்ந்து மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா இன்னும் பிரஷர் ஏறும். பக்கத்துல செம்புக் குழி இருக்குன்னு சொன்னியே, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு." படகு அம்மாள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போனேன்.

உலோகவியல் படித்த எவரும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மினாங் என்று பெயர். காட்டுக்குள் பாசி படிந்த பள்ளங்கள், ஒன்றிரண்டு அல்ல, எங்கு பார்த்தாலும் பள்ளம். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணின் பூர்வகுடிகள் செம்பு எடுத்த இடம். இங்கே செம்பு தாதுவாக இல்லை, பாறைக்குள் சுத்த உலோகமாகவே இருக்கிறது. உலை வேண்டாம், உருக்க வேண்டாம். ஏரிக்கரையின் உருண்டைக் கல்லையே சுத்தியலாக வைத்துப் பாறையை உடைத்துச் செம்பைப் பிரித்திருக்கிறார்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகிக் கடைசியில் விரிசல் விடும், நடுநடுவே சூடு காட்டினால் இளகும் என்று நமக்கு மூன்றாம் வருஷத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்களே, அதை அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். எழுந்து நிற்காதீர்கள் சார், உங்கள் வகுப்புதான் அங்கே ஞாபகம் வந்தது. அதே இடத்தில் 1870களில் கம்பெனி வந்து வெட்டிய சுரங்கமும் இருக்கிறது, கல்குவியலும் துருப்பிடித்த தண்டவாளமுமாக. அது சில வருஷத்தில் மூடிப்போயிற்று.

ஒரு கல் எடுக்கவும் அனுமதியில்லை. வெறுங்கையோடு வந்து வாயாலேயே சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "அனீல் பண்ணினாங்களா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டான்.

அந்த இரவு நான் தூங்கவில்லை. மணிக்கு ஒரு தரம் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணினேன். வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதினேன். 108. 112. 104. இரண்டு மணிக்கு 118. எழுந்து போய்ப் படகைத் தட்டலாமா என்று வாசல்வரை போனேன். "வலி இல்லடா, படு" என்றான். தண்ணீரில் லூன் என்ற பறவை கத்தியது. பிள்ளையைத் தொலைத்த தாய் கூப்பிடுவது மாதிரி இருக்கும் அந்தக் குரல், அந்த நேரத்தில் கேட்கக்கூடாத குரல். அவன் மனைவிக்கு என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்தேன், சேரவில்லை. டிபன் கேரியரை வேண்டாமென்று நான் எடுத்து வைத்ததைக்கூட அந்தத் தங்கச்சியிடம் என்னால் சொல்ல முடியாது.

நாலு மணிக்கு 98. விடியும்போது 96. குடாவின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மூஸும் கன்றும் தண்ணீரில் இறங்கி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு எங்கள் பக்கமாக நீந்தி வந்தன. அவனை எழுப்பினேன். கொட்டகையின் வலைக்கு உள்ளே இருந்தபடியே பார்த்தோம். கன்றோடு இருக்கும் மூஸுக்கு வழி விட்டுவிட வேண்டும், மிதித்தால் ஆள் தேற மாட்டான். கரையேறி உடம்பை உதறிவிட்டு அவை காட்டுக்குள் போயின. "இதுக்காகவே வரலாம்டா" என்றான்.

படகு வந்தது. ராக் ஹார்பர் போய், அங்கிருந்து கப்பல் பிடித்து ஹோட்டன். டிக்கியைத் திறந்து, மாத்திரையை அவன் வாயில் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே ஒரு டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, அதிர்ஷ்டம் என்றார். ஓட்டல் அறையில் அந்தக் கறுப்புப் பையை எடுத்துக் கைத்தராசில் மாட்டினேன், முள் அசையக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். ஷேவிங் செட், மாத்திரை எல்லாம் சேர்த்து 310 கிராம்.

2022இல் மறுபடி போனோம். அவன்தான் கூப்பிட்டான். இந்த முறை விண்டிகோ வரை நடந்தே முடித்தோம், ஆறு நாள். தீவின் மேற்குப் பகுதியில் ஈரச்சேற்றில் ஓநாயின் கால்தடம் பார்த்தோம், என் உள்ளங்கை அகலம். அந்தக் குளிர்காலக் கணக்கில் ஓநாய்கள் 28. 2024இல் 30 ஆகி, மூஸ் 840க்கு இறங்கியிருந்தது.

மாணவர்களில் யாராவது அந்தப் பக்கம் படிக்க வந்தால், ஹோட்டனிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, நம்மவர்களும் படிக்கிறார்கள். அந்த ஓநாய்களை எண்ணுவதும் அவர்கள்தான். ஜூனில் போகாதீர்கள், கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகஸ்ட் கடைசி நல்லது. காலணியின் அடியை நன்றாகத் தேய்த்துவிட்டுக் கப்பலில் ஏறுங்கள், ஒட்டியிருக்கும் வெளியூர் விதை அங்கே முளைத்துவிடும்.

இரண்டாவது பயணத்துக்கு முதல் நாள் இரவு, அதே ஹோட்டனில், அவன் பையை நான் தொடவில்லை. அவனாகவே கட்டிலின் மேல் கொட்டிக் காட்டினான். மாத்திரை இரண்டு இடத்தில், ஒன்று அவன் சட்டைப்பையில், ஒன்று என் பையில் போடுவதற்கு. கீழே மூன்றடுக்கு டிபன் கேரியரில் ஓரடுக்கைக் கழற்றிவிட்டு, இரண்டடுக்கு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. விண்டிகோவில் இறங்குவதற்கு முந்தின இரவு அதில்தான் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.